தலைகீழ்க் காற்றாலைகள்

திருநெல்வேலியிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வருகிறவர்களை முதலில் எதிர்கொள்வது காற்றாலைகள்தாம். மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்து கிடக்கிறது. மலையில் முட்டி வழி தேடும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்கியடித்துப் பாயும்போது வேகம் கூடிவிடுகிறது. அந்த வேகத்தை நம்பித்தான் முப்பந்தல் வட்டாரத்தில் ஏறத்தாழ 1500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் எழுந்தன. காற்று இறக்கையைச் சுழற்றுகிறது, சுழற்சி மின்சாரமாகிறது.

அங்கிருந்து சிறிது தூரம் மேற்கே வந்தால் நாகர்கோவில். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடைகளில் இதே இயந்திரம் தலைகீழாக வேலை செய்வதைப் பார்க்கலாம். பக்கச்சுவர் கண்ணாடியாக அமைந்த கேபினட்டுக்குள் நீலமும் செம்மஞ்சளும் ஊதாவுமாக நிறம் மாறும் ஃபேன்கள் சுழல்கின்றன. மின்சாரம் இறக்கையைச் சுழற்றுகிறது, சுழற்சி காற்றாகிறது. பார்க்கிறவர் கண் விளக்கில் நிற்கும். அசெம்பிள் செய்கிறவர் கவனமோ ஃபேனின் பின்னாலிருந்து வரும் இரண்டு மெல்லிய கேபிள்களில் இருக்கும்.

முதலில், ஃபேன் எதற்கு? கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. விளையாட்டு, வீடியோ எடிட்டிங் என்று கனமான வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் சேர்ந்து நிமிடத்துக்கு ஒன்றரை கன மீட்டர் காற்றைப் பெட்டி வழியாகத் தள்ளினால், அந்தக் காற்று சுமார் 10 டிகிரி சூடேறி வெளியே போகும். உள்ளே வரும் காற்று 32 டிகிரி என்றால் போகும் காற்று 42. காற்றின் அளவைப் பாதியாக்கினால் 52. அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த ஃபேனாலும் பெட்டியை வைக்க முடியாது. வெயில் நாட்டில் ஃபேனைப் பற்றி யோசிப்பது ஆடம்பரம் இல்லை.

இந்த ஃபேனுக்குள் கார்பன் பிரஷ் கிடையாது. இறக்கையின் நடுக்குமிழுக்குள் வளையக் காந்தம். சட்டத்தில் அசையாத கம்பிச்சுருள்கள். காந்தத்தின் எந்தத் துருவம் எதிரே வந்திருக்கிறது என்பதை ஒரு சிறு உணரி பார்த்துச் சொல்ல, சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் திசையை ஒரு சில்லு உடனே மாற்றுகிறது. அந்த உணரி 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவால் இயங்குவது. தேய்கிற உறுப்பு தாங்கி ஒன்றுதான். காந்தமும் சுருளும் இருப்பதால் இந்த இயந்திரத்துக்கு எதிர்த்திசை வேலையும் தெரியும். தூசி தட்ட ப்ளோயரை நேரே பிடித்தால் ஃபேன் தன் அளவை மீறி வெறிபிடித்துச் சுற்றும், தாங்கி அடிவாங்கும், கம்பிகளில் சிறு மின்னழுத்தம்கூடப் பிறக்கலாம். விவரமானவர்கள் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் ப்ளோயரை இயக்குவார்கள்.

இனி முதல் கேபிள். அதில் நான்கு கம்பிகள். ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட். இந்த இரண்டே போதும், ஃபேன் சுற்றும். மூன்றாவது கம்பி ஃபேனிலிருந்து மதர்போர்டுக்குச் சேதி கொண்டுபோகிறது: ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகள். நொடிக்கு 40 துடிப்பு வந்தால் நொடிக்கு 20 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 1200 என்று மதர்போர்டு கணக்குப் போட்டுக்கொள்ளும். நான்காவது கம்பி எதிர்த்திசையில், மதர்போர்டின் ஆணையை ஃபேனுக்குக் கொண்டுவருகிறது.

அந்த ஆணை வோல்டேஜைக் கூட்டிக் குறைப்பது அல்ல. சமிக்ஞை நொடிக்கு 25,000 முறை விட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ‘ஆன்’, எவ்வளவு நேரம் ‘ஆஃப்’ என்ற விகிதம்தான் செய்தி. பாதி நேரம் ஆன் என்றால் நடுத்தர வேகம். முழு நேரமும் ஆன் என்றால் முழு வேகம். ஏன் 25,000? மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. அதற்குள் வைத்திருந்தால் ஃபேன் சுருள் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். மூன்று கம்பி மட்டும் உள்ள பழைய ஃபேனையும் மதர்போர்டின் நான்கு பின் இணைப்பான ஹெடரில் மாட்டலாம். அப்போது மதர்போர்டு வோல்டேஜைக் குறைத்துத்தான் அதன் வேகத்தை அடக்க வேண்டும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அந்த ஹெடரை ‘டிசி’ முறைக்கு மாற்றாவிட்டால் ஃபேன் எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும்.

வேகத்தை அடக்குவதற்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்பதில்தான் காற்றாலையும் ஃபேனும் ஒரே கணக்குக்குள் வருகின்றன. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பேச்சில் மிகை இருந்தாலும், வேகம் கொஞ்சம் கூடினாலே வலு வெகுவாகக் கூடும் என்பது மெய். பருவக்காற்று மாதங்களில் முப்பந்தல் அள்ளிக் கொடுப்பதும், மற்ற மாதங்களில் இறக்கைகள் சோம்பிக் கிடப்பதும் இதனால்தான்.

இதே மும்மடிக் கணக்கை ஃபேன் பக்கமிருந்து பாருங்கள். சுற்றைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகும். ஆனால் தேவைப்படும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். ஆக, ஒரு ஃபேனை முழு வேகத்தில் விரட்டுவதற்குப் பதில் இரண்டு ஃபேன்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால், கிட்டத்தட்ட அதே அளவு காற்று கிடைக்கும். இரண்டுக்கும் சேர்த்து மின்திறன் கால் பங்குதான். கேபினட்டில் ஐந்தாறு ஃபேன் வைப்பது அலங்காரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றும் மெதுவாகச் சுற்றினால் போதும்.

இரண்டாவது கேபிள் விளக்குக்கு. பெரும்பாலான சேதம் நடப்பது இங்கேதான், ஏனென்றால் இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஆர்ஜிபி: 12 வோல்ட், நான்கு பின். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். இன்னொன்று ஏஆர்ஜிபி: 5 வோல்ட், மூன்று பின்; நான்காக இருக்க வேண்டிய வரிசையில் மூன்றாவது இடம் காலி. 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் ஹெடரில் அழுத்தி மாட்டினால், ஸ்விட்ச் போட்ட கணமே விளக்குகள் கருகும். சாதாரணமாக, பிளக்கில் அந்தக் காலி இடம் அடைபட்டிருப்பதே தவறாக மாட்ட விடாமல் தடுக்கும். பொருந்தாத ஒட்டுக் கேபிள் ஒன்று நடுவே வந்தால் அந்தத் தடுப்பும் போய்விடும். மதர்போர்டில் ஹெடருக்குப் பக்கத்தில் 5 அல்லது 12 என்று அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது.

ஏஆர்ஜிபி செய்யும் வேலை அதிசயமானது. தரவுக்கு ஒரே ஒரு கம்பிதான். ஆனாலும் வளையத்தில் உள்ள ஒவ்வொரு விளக்கும் தனக்கென்று ஒரு நிறம் காட்டுகிறது. ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சில்லு இருப்பதே ரகசியம். மதர்போர்டு 24 பிட் வீதம் வரிசையாக அனுப்புகிறது. முதல் விளக்கு முதல் 24 பிட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே அடுத்ததற்குத் தள்ளிவிடும். பந்தியில் முதல் இலைக்காரர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு பாத்திரத்தைப் பக்கத்து இலைக்கு நகர்த்துவதுபோல. விளக்குக்கு எண் கிடையாது, முகவரி கிடையாது. வரிசையில் நிற்கும் இடமே அதன் முகவரி. அதனால் நடுவில் ஒரு சில்லு செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் குழம்பிப்போகும்.

ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோநொடி. அதில் கம்பி சிறிது நேரம் உயர்ந்து நின்றால் பூஜ்யம், கூடுதல் நேரம் நின்றால் ஒன்று. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோநொடி. நூறு விளக்குக்குச் செய்தி சொல்லி முடிக்க மூன்று மில்லிநொடி. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி என்பதால் ஒரு விளக்கால் 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் காட்ட முடியும். எல்இடி நிறங்களில் நீலம் சேர நெடுநாள் ஆனது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது பிரகாசமான நீல எல்இடிக்காகத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மங்கலான சிவப்பு என்று நாம் பார்ப்பது, முழுப் பிரகாசத்தில் எரிந்தெரிந்து அணையும் சிவப்பு. மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குக் கிடைப்பதும் விட்டுவிட்டு வரும் ஆணை. வேகமோ நிறமோ, இந்தக் கேபிள்களில் ஓடுவது பலம் அல்ல, நேரத்தின் அளவு. கண்ணுக்கும் இறக்கைக்கும் அவ்வளவு விரைவாக மாறத் தெரியாததால் இரண்டும் சராசரியையே எடுத்துக்கொள்கின்றன.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை சில. சாதாரண ஃபேன் ஹெடர் 1 ஆம்பியர் தாங்கும். பிரிப்புக் கேபிள் போட்டு அதில் ஃபேன்களைக் குவிக்காமல், எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஹப் வைப்பது நல்லது. ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்புறம் இழுக்கவும் பின்புறமும் மேலும் தள்ளவும் வையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பின்களை அரிக்கும். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதோடு பின்களையும் அவ்வப்போது பாருங்கள்.

கடைசியாக ஒரு செய்முறை. முதலில் ஃபேன் கேபிளை மட்டும் மாட்டி, பயாஸில் ஒவ்வொரு ஃபேனின் சுற்றும் எண்ணாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் இறக்கையில் கேபிள் சிக்கியிருக்கலாம், இல்லையேல் பின் சரியாக உட்காரவில்லை. எல்லா எண்ணும் சரியான பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, விளக்குக் கேபிளை மாட்டுங்கள். விளக்கு எரியாவிட்டால் அழகு குறையும், அவ்வளவுதான். ஃபேன் நின்றால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், கடைசியில் தானே அணைந்துவிடும்.