மருத்துவப் பணியின் தரமும் மேலாண்மைக் கல்வியும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய கிராமங்களுள் ஒன்று கொல்லயில். இதன் அருகிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. பழைய திருவிதாங்கூரின் இப்பகுதி மேலை மருத்துவத்தை நீண்ட காலமாக அறிந்தது. நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. மருத்துவமனை எங்கே உள்ளது என்பது இன்று இம்மக்களின் முதற்கேள்வியன்று. அங்கே சென்றால் உரிய காலத்தில், உரிய முறையில் சிகிச்சை கிட்டுமா என்பதே கேள்வி.

அன்றாடக் கூலி பெறும் ஒருவர் சீட்டு வாங்க, மருத்துவரைக் காண, இரத்தப் பரிசோதனைக்கு, மருந்து பெற என நான்கு வரிசைகளில் நிற்க நேர்ந்தால் அன்றைய கூலி போயிற்று. பரிசோதனை முடிவைப் பெற மறுநாளும் வரவேண்டுமெனில் இரு நாள் கூலி. சிகிச்சை இலவசமே ஆயினும், அதற்கு அவர் கொடுக்கும் விலை இது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் மருந்து உண்ண வேண்டியவர், இவ்விலையைத் தாங்க இயலாமல் இடையில் நின்றுவிடுவதும் உண்டு.

தரத்தை அளத்தல்

இச்சிக்கலை ஆராய்வதே சேவைச் செயற்பாடுகள், மருத்துவத் தர மேலாண்மை என்னும் கல்வித்துறை. இதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் அவெடிஸ் டொனபேடியன். 1919இல் பெய்ரூட்டில் பிறந்து மருத்துவரான இவர், பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1966இல் வெளியிட்ட கட்டுரையில், மருத்துவத்தின் தரத்தை மூன்று நிலைகளில் அளக்கலாம் என விளக்கினார்: கட்டடம், கருவி, பணியாளர் அடங்கிய அமைப்பு, சிகிச்சை நடைபெறும் செயல்முறை, நோயாளி அடையும் விளைவு. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்தல் இயலாது. புதிய கட்டடம் எழுந்ததாலேயே நோய் தீர்ந்துவிடாது அன்றோ?

வரிசையின் கணக்கு

செயல்முறையைச் சீர்செய்யக் கணிதம் துணைபுரிகிறது. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி எளியது: ஓரிடத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, மணிக்கு எத்தனை பேர் வருகின்றனர் என்பதை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 60 பேர் வந்து, ஒவ்வொருவரும் 3 மணி நேரம் தங்கினால், கூடத்தில் 180 பேர் இருப்பர். தங்கும் நேரம் ஒன்றரை மணியானால் 90 பேர் மட்டுமே. ஒரு செங்கல்லும் கூடுதலாக அடுக்காமலேயே நெரிசல் பாதியாகிறது. ஆனால் குறைக்க வேண்டியது காத்திருக்கும் நேரத்தையே. மருத்துவர் நோயாளியுடன் பேசும் நேரத்தையன்று. இவ்வேறுபாட்டை மறந்தால் வேகம் கூடும், தரம் குன்றும்.

மதுரை காட்டிய வழி

இதற்குச் சிறந்த சான்று மதுரையில் உள்ளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அறுவை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும்போதே, அடுத்த மேசையில் மற்றொருவரைச் செவிலியர் ஆயத்தம் செய்துவிடுவர். பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் தத்தம் பணியைப் பிழையின்றிச் செய்வதால், மருத்துவரின் நேரம் அவர் மட்டுமே செய்யக்கூடிய பணிக்கு முழுமையாகப் பயன்படுகிறது. இவ்வாறு மிச்சமாகும் செலவே ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்வை அளிக்க உதவுகிறது.

இவ்வனுபவம் கல்வியாகவும் வளர்ந்தது. 1992இல் அமைந்த லயன்ஸ் அரவிந்த் சமூகக் கண் மருத்துவ நிறுவனம், பிற மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்ற ஆர். டி. துளசிராஜ் இதனை வழிநடத்தியவர். 1993இல் ஹார்வர்டு வணிகக் கல்விக்கூடத்தின் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் எழுதிய ஆய்வுரை, அரவிந்த் முறையை உலக வகுப்பறைகளுக்குக் கொண்டு சென்றது.

அரசு மருத்துவமனைகளில்

மைய அரசு 2013இல் தேசியத் தர உறுதித் தரநிலைகளை அறிமுகப்படுத்தியது. நோயாளியின் உரிமை, தொற்றுத் தடுப்பு, சிகிச்சை, விளைவு உள்ளிட்ட எட்டுப் பிரிவுகளில் அரசு மருத்துவமனைகள் மதிப்பிடப்படுகின்றன. கேரளம் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாக மாற்றப்படலாயின; நோயாளியை மதிக்கும் புறநோயாளர் பிரிவு அதன் நோக்கங்களுள் ஒன்று.

எனினும் சான்றிதழ் சுவரில் தொங்குவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. மதிப்பீட்டு நாளில் தூய்மையாக உள்ள கூடம் மறுமாதமும் அவ்வாறே உள்ளதா என்பதை இடைவிடாது அளந்து காட்டும் ஆய்வாளர் தேவை. புள்ளியியல், பொருளாதாரம், மேலாண்மை பயின்ற இளைஞர்களுக்கு இது பயனுள்ள பணிக்களம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பொதுச் சுகாதார உயர்கல்வி பயில வாய்ப்புண்டு. அங்கிருந்து கொல்லயில் நெடுந்தொலைவில் இல்லை. ஆய்வேட்டில் தீட்டிய முடிவு அக்கிராமத்துக் கூலித் தொழிலாளியின் ஒரு நாளை மீட்டுத் தருமாயின், அக்கல்வி தன் பயனை அடைந்ததாகும்.