ஏரிப் பணமும் ஊரார் கணக்கும்

புதுச்சேரியின் 84 ஏரிகளைச் செப்பனிடும் பொருட்டு 1999-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய யூனியன் பொருளுதவி செய்தது. வில்லியனூர்க் கொம்யூனின் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றுட் பெரியவை. குடிகளைக் கொண்டு ஏரிச் சங்கங்களும் நிறுவப்பெற்றன. கொடுத்தோர்க்கு நன்றி கூறுவோம்.

நிற்க, இத்தகைய உதவிக்குக் கணக்கு யாரிடம் ஒப்புவிப்பது? கரைக்கு இட்ட மண்ணைப் பிரஸ்ஸெல்ஸ் அதிகாரி காகிதத்தில் காண்பார். பாகூர் உழவரோ கண்ணாற் காண்பார். 2005-ஆம் ஆண்டுத் தகவலுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேளாமலே விவரங்களை வெளியிடும்படி சர்க்காரைப் பணிக்கிறது. ஆயினும், கேட்க வேண்டிய கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு, 2011-இல் காலம் முடிந்தபின், பல்லாண்டுகள் தேர்தலே நடைபெறவில்லை. ஊர்ச்சபையின்றி ஊர்க்கணக்கு ஏது?

பெற்ற தொகை, ஒப்பந்தம், செலவு யாவும் தமிழில் எழுதி ஏரிக்கரையிலேயே பலகை நாட்டுக. அதுவே இருதிறத்தார்க்கும் கௌரவமாம்.