வங்கிக் கணக்கும் லட்டுக் கணக்கும்

யூனியன்வில்லில் இப்போது மாலை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த நேரலையைப் பார்ப்பவர்களுக்கு விடிகாலை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு முதலில் நன்றி.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாட்டுகளைவிட அவருடைய வேலை நாட்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். கனடாவில் நம் பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு ஏன் அரிதாக இருக்கிறது என்று கேட்டால், "வேலை, வீடு, பனி, எங்கே நேரம்?" என்பார்கள். அவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஆனாலும் 2000-க்கு மேற்பட்ட பாடல்கள் எழுதினார்.

1922-இல் புதுக்கோட்டைப் பக்கத்து ராயவரத்தில் பிறந்தவர். பள்ளிக்கு நடந்து போகும் வழியில், சினிமா விளம்பரங்களில் இருந்த படப் பெயர்களைக் கோத்துப் பாட்டாக்கி, கூட்டாளிகளோடு பாடிக்கொண்டு போனாராம். 1940-இல் சென்னையில் வை. கோவிந்தனின் 'சக்தி' அலுவலகத்தில் காசாளரானார். அங்கே ஆசிரியராக இருந்த தி. ஜ. ர. அவரை எழுதத் தூண்டினார். அடுத்த ஆண்டு இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982-இல் ஓய்வு பெறும்வரை சோறு போட்டது அந்த வங்கிதான்.

பகலில் பேரேடு. மிஞ்சிய நேரத்தில் பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை என்று வரிசையாகச் சிறுவர் இதழ்களின் ஆசிரியப் பொறுப்பு. 'மலரும் உள்ளம்' தொகுதி முதலில் 1944-இல் 23 பாடல்களோடு வந்தது. அப்போது அவர் எவ்வளவு இளைஞர் என்று நினைத்துப் பாருங்கள். காந்தியின் வாழ்க்கையைப் பாட்டிலே சொன்னார். நதிகளைப் பற்றி எழுதிய உரைநடை நூலை நேஷனல் புக் டிரஸ்ட் பல இந்திய மொழிகளில் கொண்டுவந்தது. ஓய்வுக்குப் பிறகு ஓய்ந்தாரா? 'கோகுலம்' இதழைப் பார்த்துக்கொண்டார். 1989-இல் மறைந்தார்.

நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. குழந்தைகளுக்கு எழுதுகிறவரை அரை எழுத்தாளராகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1950-இல் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கத்துக்காக அவர் ஓடி ஓடி உழைத்தார். சக எழுத்தாளர்களின் விவரங்களைத் திரட்டி 'யார், எவர்' என்று ஒரு நூலே வந்தது. தன் கவிதைக்குக் கிடைக்கக்கூடிய நேரத்தைப் பிறர் பெயரைப் பதியச் செலவிட எத்தனை கவிஞர்களுக்கு மனம் வரும்?

இனி அவர் தொழில் நுட்பத்துக்கு ஓர் உதாரணம். தட்டும் லட்டும் வருகிற பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். யார் எழுதியது என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். அடிதோறும் 'ட்டு' என்று முடியும். பொருள் புரியாத வயதிலும் பிள்ளை அந்த ஓசையைப் பிடித்துக்கொள்ளும். சற்று வளர்ந்ததும் உள்ளே ஒரு கணக்கு இருப்பது தெரியும்: எட்டு லட்டு, அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி, மிச்சம் வெறும் தட்டு. வரவு செலவு சரி. வங்கிக்காரர் அல்லவா! அறிவுரை ஒரு சொல்லும் கிடையாது.

இங்கே ரொறன்ரோவிலும் இப்படி ஒருவர் உண்டு: டெனிஸ் லீ. 1967-இல் அனான்சி பதிப்பகத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவருக்கும் பதிப்பு வேலை, பிள்ளைப் பாட்டு என்று இரட்டைச் சுமை. கனடாப் பிள்ளைகள் பாடுவதெல்லாம் இங்கிலாந்துப் பொருள்களாக இருப்பது அவரை உறுத்தியது. 1974-இல் வந்த 'அலிகேட்டர் பை' தொகுப்பில் கனடா ஊர்ப் பெயர்களையே தாளமாக்கினார். 2001-இல் ரொறன்ரோ நகரின் முதல் அரசவைக் கவிஞரானார்.

அவர் கேட்ட கேள்வி நமக்கும் உரியது. மல்கோவாவை வாசனைகூடப் பார்க்காத பிள்ளை மாம்பழப் பாட்டைப் பாடுகிறது. பாடட்டும், அதில் பிழையில்லை. ஆனால் உறைந்த டூகுட் குளத்துக்கும், மஞ்சள் பள்ளிப் பேருந்துக்கும், ஒற்றைக் கையுறையைத் தொலைத்த துக்கத்துக்கும் தமிழில் நாலு வரி வேண்டாமா?

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று லட்டை எடுத்துவிட்டு 'டோனட்டு' என்று போட்டுப் பாடியது. 'ட்டு' கெடவில்லை. அடுத்த பிள்ளை உடனே கேட்டது: "ரீச்சர், எட்டு இல்லை, பன்னிரண்டு. பெட்டியிலே பன்னிரண்டுதானே வரும்?" பன்னிரண்டுக்கு எதுகை தேடிக்கொண்டிருக்கிறோம். யாரிடமாவது இருந்தால் நேரலைக்குக் கீழே எழுதுங்கள்.