கரடிப் பொம்மை செய்த கைகள்

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா என்பது முதுமொழி. அவற்றோடு தொழில் பழகிய கையையும் சேர்த்துக்கொள்ளலாம். தச்சன் ஓய்வுநேரத்தில் தொட்டிலுக்கு யானை செதுக்குகிறான். பன்னவேலை செய்பவள் பாயோடு நில்லாது பேரப்பிள்ளைக்குக் கிலுகிலுப்பையும் பின்னிக் கொடுக்கிறாள். ஒரு தொழிலிலிருந்து மற்றொரு தொழிலுக்குக் கை தாவும்போது என்ன நிகழ்கிறது, எதனை அது உடன் எடுத்துச் செல்கிறது, எதனைப் புதிதாகக் கற்கிறது என்பன ஆராயத்தக்கவை. இவ்வாராய்ச்சிக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு, உலகெங்குமுள்ள பிள்ளைகள் கட்டியணைத்துத் துயிலும் 'டெடி' கரடிப் பொம்மையின் வரலாறாகும்.

இக்கரடியைப் படைத்தவர்களுள் எவரும் தொடக்கத்தில் கரடி செய்பவராய் இருக்கவில்லை. ஒருவர் தையற்காரி, ஒருவர் மிட்டாய்க் கடைக்காரர், சிலர் நூல் நூற்போர், சிலர் தகர வேலை செய்வோர். கரடி செய்யத் தொடங்கிய பின்னரும் இவர்களுட் பலர் அதனோடு அமையவில்லை.

முதலில் தையற்காரியைப் பார்ப்போம். ஜேர்மனியின் தென்பகுதியில், பிறென்ஸ் ஆற்றங்கரையில் கீங்கன் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1847 ஆம் ஆண்டில் மார்கரேற்றே ஸ்டைஃப் பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. கால்கள் இரண்டும் செயலிழந்தன, வலக்கையும் வலுவிழந்தது. அத்தகைய பெண்பிள்ளை தையல் பழகுவதா என்று பெற்றோர் தயங்கினர். ஆயினும் அவர் பழகினார். சிதர் என்னும் நரம்பு வாத்தியத்தையும் கற்று, அதனைப் பிறருக்குக் கற்பித்துப் பொருளீட்டினார். தையல் இயந்திரம் வாங்கியபோது ஓர் இடையூறு எழுந்தது. அதன் கைச்சக்கரம் வலப்புறம் இருந்தது; அவருடைய வலக்கையோ அதனைச் சுழற்றும் வலுவற்றது. இயந்திரத்தைப் பின்புறம் முன்னாகத் திருப்பி வைத்து, இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றித் தைத்தார் அந்த அம்மையார். கருவிக்குத் தம்மைப் பொருத்த இயலாதபோது, தமக்குக் கருவியைப் பொருத்திக்கொள்ளும் அந்த மனப்பாங்கே பின்னர் நிகழ்ந்தவை யாவற்றுக்கும் வித்தாயிற்று.

கீங்கன் ஊரில் ஃபெல்ற் என்னும் துணி செய்யும் ஆலை இருந்தது. நூற்காமலும் நெய்யாமலும், ஆட்டு மயிரை ஈரமும் சூடும் ஊட்டி அழுத்தித் திரட்டிச் செய்யும் துணி அது. வெட்டிய ஓரம் பிரியாது. மடிக்கவும் வளைக்கவும் இசையும். மார்கரேற்றே அத்துணியால் பாவாடைகளும் வீட்டுப் பொருள்களும் தைத்து விற்க 1877 ஆம் ஆண்டில் ஒரு கடை தொடங்கினார். 1880 ஆம் ஆண்டளவில், மாதர் சஞ்சிகை ஒன்றில் வந்த மாதிரியைக் கொண்டு சிறு யானை உருவங்களைத் தைத்தார். குண்டூசி குத்தி வைக்கும் மெத்தைகளாகவே அவை கருதப்பட்டன. ஆனால், பிள்ளைகள் அவற்றைக் கண்டதும் ஊசியை மறந்து யானையை எடுத்துக்கொண்டனர். தையற்பெட்டிக்காகச் செய்த பொருள் விளையாட்டுப் பொருளாயிற்று. 1886 ஆம் ஆண்டில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகள் விற்பனையாயின. யானையைத் தொடர்ந்து குதிரை, கழுதை, ஒட்டகம், பன்றி ஆகியன தோன்றின.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பாவாடை தைப்பவர் தட்டையான துணியை மனித உடலின் வளைவுக்கு ஏற்ப வெட்டக் கற்றவர். எங்கே ஒரு மடிப்பு வைத்தால் துணி குவியும், எங்கே ஒரு துண்டு சேர்த்தால் விரியும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். அதே அறிவே யானையின் முதுகையும் வயிற்றையும் உருவாக்கியது. தொழில் மாறியதேயன்றி அறிவு மாறவில்லை.

கரடியைக் கொண்டுவந்தவர் மார்கரேற்றேயின் உடன்பிறந்தாரின் மகன் றிச்சாட் ஸ்டைஃப். அவர் ஸ்ருட்கார்ட் நகரில் கலைத்தொழிற் கல்லூரியிற் பயின்றவர். அந்நகர விலங்குக்காட்சிச் சாலையில் கரடிகளின் நிலைகளையும் அசைவுகளையும் வரைந்து வரைந்து பழகியவர். 1902 ஆம் ஆண்டில் அவர் அமைத்த கரடிக்கு 55 பீபீ என்று பெயர். ஐம்பத்தைந்து என்பது உயரத்தைச் சென்ரிமீற்றரிற் குறிப்பது. அடுத்த இரண்டு எழுத்துக்களும் மயிர்த்துணியால் ஆனது, அசையக்கூடியது என்னும் பொருளுடைய ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துக்கள். தோளும் தொடையும் தலையும் அசையும் பொம்மை அக்காலத்துக்குப் புதிது. 1903 ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையில் அமெரிக்க வணிகர் ஒருவர் மூவாயிரம் கரடிகளுக்குக் கட்டளை கொடுத்தார் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது.

ஏறத்தாழ அதே வேளையில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலும் ஒரு கரடி பிறந்தது. 1902 நவம்பரில் மிஸிஸிப்பி மாநிலத்தில் வேட்டைக்குச் சென்ற ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற், கட்டி வைக்கப்பட்ட கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபோட் பெறிமன் என்னும் ஓவியர் அதனைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். புறூக்ளினில் மிட்டாய்க் கடை நடத்திய மொறிஸ் மிச்ரம் அச்சித்திரத்தைக் கண்டார்; அவருடைய மனைவி றோஸ் துணிக்கரடி ஒன்றைத் தைத்துக் கொடுக்க, அது கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டது. றூஸ்வெல்ற்றின் செல்லப் பெயரான 'டெடி' அதற்கு வழங்கலாயிற்று. அக்குடும்பம் தொடங்கிய ஐடியல் நிறுவனம் பின்னர் மரத்தூளையும் பசையையும் கலந்து வார்க்கும் பாவைத் தொழிலிற் புகுந்தது. 1934 ஆம் ஆண்டில் ஷேர்லி ரெம்பிள் என்னும் குழந்தை நடிகையின் பாவையைச் செய்து பெரும் வெற்றி கண்டது.

கீங்கன் ஊருக்கு மீள்வோம். 1907 ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிற்சாலை 9,74,000 கரடிகளைச் செய்தது. நானூறு தொழிலாளரோடு, தத்தம் வீடுகளில் இருந்து தைத்த ஆயிரத்து எண்ணூறு பேரும் அதில் உழைத்தனர். அவ்வேலைக்கு வெளிச்சம் இன்றியமையாதது; கறுப்பு நூலால் கபில நிறத் துணியைத் தைக்கும் கண்ணுக்கு அது உயிர் போன்றது. ஆகவே, 1903 ஆம் ஆண்டிலேயே உருக்கினாலும் கண்ணாடியினாலும் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தை எழுப்பினர். செங்கற் சுவருக்குப் பதில் இரட்டைக் கண்ணாடிச் சுவர்கள். உள்ளே இருந்து தைத்த பெண்கள் வெளியே தெரிந்தமையால் ஊரார் அதனைக் 'கன்னியர் மீன்தொட்டி' என்று நகைத்தனர். இன்று கட்டடக் கலை வரலாற்றாசிரியர்கள் அதனை முன்னோடிக் கட்டடங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றனர். தையலின் தேவை கட்டடக் கலைக்கு வழிகாட்டியது.

1907 ஆம் ஆண்டின் வேகம் நீடிக்கவில்லை. ஒரே பொருளை நம்பி வாழும் தொழிலுக்கு அதுவே ஆபத்து. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிவது ஒரு பொம்மையைத் தங்கியிருக்குமாயின், பிள்ளைகளின் விருப்பம் மாறும் நாளில் அவ்வடுப்புகள் அணையும். மார்கரேற்றே 1909 ஆம் ஆண்டில் காலமானார். அதே ஆண்டில் றிச்சாட் அமைத்த பட்டம் ஒன்று சந்தைக்கு வந்தது. றொலோபிளான் என்னும் அப்பட்டம் துணியாலானது; சுருட்டி எடுத்துச் செல்லத்தக்கது. ஒளிப்படக் கருவியைச் சுமந்து வானிலிருந்து படம் பிடிக்கவும் அது பயன்பட்டது. கரடிக்கும் பட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இழுவிசை எங்கே தாக்கும் என்றறிந்து அங்கே இரட்டைத் தையல் போடும் கையே இரண்டையும் தைத்தது. பின்னர் முதலாம் உலகப் போரினால் மயிர்த்துணி கிடைக்காமற் போனபோது, மர விளையாட்டுப் பொருள்களும் கடதாசி நூலால் நெய்த துணிக் கரடிகளும் அத்தொழிலைக் காத்தன.

நூரெம்பேர்க் நகரில் இக்கதை எதிர்த்திசையில் நடந்தது. அது உலோக வேலைக்குப் பேர்போன நகர். 1912 ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய ஷூக்கோ நிறுவனம், மயிர்த்துணிக்குள் உலோகப் பொறியை வைத்தது. வாலைப் பிடித்து அசைத்தால் 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் தலையாட்டும் கரடியை 1921 ஆம் ஆண்டளவில் வெளியிட்டது. விரலளவான கரடியின் வயிற்றைத் திறந்தால் வாசனைத் திரவியக் குப்பியோ முகப்பூச்சுச் சிமிழோ இருக்கும்படியும் செய்தது. 1930களின் நடுப்பகுதியில் அக்கைகள் கரடியின் மயிரை விட்டுப் பொறியை மட்டும் எடுத்துக்கொண்டன. விசை முறுக்கி ஓட்டும் சிறு மோட்டார்க் கார்களால் ஷூக்கோ உலகப் புகழ் பெற்றது.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறொரு வகை. அங்கோரா ஆட்டின் மயிரை நூற்பதற்காக 1919 ஆம் ஆண்டில் இருவர் யோர்க்ஷயரில் ஓர் ஆலை தொடங்கினர். செயற்கை நூல் பரவியதும் ஆட்டுமயிர் நூலுக்கு வாங்குவோர் குறைந்தனர். நூலை வாங்குவோர் இல்லையெனில் நூலாலான துணியை நாமே பயன்படுத்துவோம் என்று துணிந்து, 1930 ஆம் ஆண்டில் ஷ்றொப்ஷயரில் மெறிதோட் என்னும் பொம்மைத் தொழிற்சாலையை நிறுவினர். அதன் தலைமை வடிவமைப்பாளராக விளங்கிய புளோறன்ஸ் அற்வூட், செவிப்புலனும் பேச்சுமற்றவர். மன்செஸ்ரரில் அத்தகையோருக்கான பாடசாலையில் வடிவக்கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அத்தொழிலாளர் தலைக்கவசங்களின் உட்துணியையும், நச்சுப்புகைத் தடுப்பு முகமூடிகளுக்கான பைகளையும் தைத்தனர். போர் முடிந்ததும் அதே ஊசிகள் கரடிக்குத் திரும்பின.

இனி, ஒரு கரடிக்குள் எத்தனை தொழில்கள் அடங்கியுள்ளன என்று பார்ப்போம். முதலாவது வெட்டு. மயிர்த்துணியில் மயிர் படியும் திசை உண்டு. அத்திசை கரடியின் உடலிலும் இயற்கைப்படி கீழ்நோக்கி அமையவேண்டும். வெட்டும்போது கத்தரிக்கோலின் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டவேண்டும். மயிரை வெட்டினால் தையல் மொட்டையாகத் தெரியும். தலைக்கு மூன்று துண்டுகள்: இரு கன்னங்களும், மூக்கிலிருந்து பிடரிவரை ஓடும் நடுத்துண்டும். அந்நடுத்துண்டின் அகலத்தைச் சிறிது மாற்றினால் குட்டி கிழமாகும், கிழம் குட்டியாகும்.

இரண்டாவது மூட்டு. இரண்டு வட்ட மட்டைகளும் ஓர் உலோக ஊசியும் சேர்ந்து தோளாகின்றன. இது தச்சரும் கொல்லரும் அறிந்த அறிவு. மூன்றாவது அடைப்பு. பழைய கரடிகளில் மெல்லிய மரச்சீவல் அடைத்தனர். பின்னர் இங்கிலாந்தில், நம் வீட்டுத் தலையணைகளில் உள்ள இலவம்பஞ்சும் இடம்பெற்றது. மூக்கு நுனியிலிருந்து தொடங்கி, குழி விழாதபடி இறுக்கி அடைப்பது சிற்பியின் வேலை; சிற்பி வெளியிலிருந்து கல்லைக் குறைக்கிறார், இவரோ உள்ளிருந்து உருவை நிரப்புகிறார். நான்காவது முகம். தொடக்கத்தில் சப்பாத்துப் பொத்தான்களே கண்களாயின. பின்னர் கண்ணாடிக் கண்கள் வந்தன. மூக்கும் வாயும் பூத்தையலால் அமைவன. கண்கள் சற்றுக் கீழே இறங்கினால் பேதைமையும், நெருங்கினால் தந்திரமும் தோன்றும்.

இத்தனை தொழில்களின் சந்தியாக இருப்பதனாலேயே, கரடி செய்பவருக்கு எத்திசையிலும் வழி திறந்திருக்கிறது. 1970களிலிருந்து மேனாடுகளில், தொழிற்சாலையைச் சாராது தனித்திருந்து கரடி செய்யும் கலைஞர்கள் பெருகினர். இவர்களுட் பலர் பிற கலைகளிலும் கைவைக்கின்றனர். மூக்குத் தைத்துப் பழகியவர் பூத்தையலிற் புகுகின்றார். துணிக்குப் பழமைத் தோற்றம் வேண்டித் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தவர் சாயத் தொழிலை முறையாகக் கற்கின்றார். வேறு சிலர், முள்ளுடைய ஊசியால் கம்பளி மயிரைக் குத்திக் குத்தித் திரட்டி, தையலே இல்லாமல் விலங்குருவம் சமைக்கின்றனர். ஆலைகளில் கம்பளங்களைத் திரட்டப் பயன்பட்ட ஊசியே இது.

இவ்வாறு தாவுவது ஊன்றிக் கற்கும் பொறுமையைக் குலைக்காதா, பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று பழமொழி உண்டே என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும், நாம் கண்டவர்களுள் எவரும் முதற்றொழிலை அரைகுறையாய்க் கற்று விட்டோடியவர் அல்லர். மார்கரேற்றே ஆண்டுக் கணக்காய்ப் பாவாடை தைத்த பின்னரே யானை தைத்தார். றிச்சாட் நூற்றுக்கணக்கான கோடுகள் வரைந்த பின்னரே துணியை வெட்டினார். ஒரு தொழிலில் ஆழ்ந்தவருக்கே மற்றத் தொழிலின் வாயில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆழமின்றித் தாவுதல் அலைச்சல். ஆழ்ந்தபின் தாவுதல் வளர்ச்சி.

கைத்தொழில்கள் அழிகின்றன என்று நாம் அடிக்கடி கவலைப்படுகிறோம். ஒரு பொருளுக்குச் சந்தை குன்றலாம். அதனைத் தடுக்க நம்மால் இயலாமற் போகலாம். ஆனால், அப்பொருளைச் செய்த கையின் அறிவு அதனோடு சாகவேண்டும் என்ற நியதி இல்லை. நூலுக்கு வாங்குவோர் குறைந்தபோது கரடி பிறந்தது. கரடிக்கு வேகம் குன்றியபோது பட்டம் பறந்தது. ஆகவே, தொழில் கற்பிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு ஒரு பொருளைச் செய்யும் முறையை மட்டும் கற்பித்து நிறுத்திவிடலாகாது. இத்துணி ஏன் இங்கே மடிகிறது, இந்த மூட்டு ஏன் இப்படி அசைகிறது என்று வினவவும் பழக்கவேண்டும். முறையை மட்டும் கற்ற கை, அப்பொருளுக்குத் தேவை தீர்ந்ததும் மடியில் ஓய்ந்துவிடும்; காரணத்தையும் கற்ற கைக்கு அடுத்த வேலை காத்திருக்கும்.