ஏறலாம், உடனே திரும்பி இறங்க முடியாது

புகைமூட்டம் கவிந்த நாட்களில் கெப்பாலா பத்தாஸ் வயல்வெளியில் நின்று பார்த்தால், கடலுக்கு அப்பால் 833 மீட்டர் உயரத்தில் நிற்கும் பினாங்குக் கொடிமலையே மறைந்துவிடும். அப்படியும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து விமானங்கள் கிளம்புகின்றன. எப்படி?

புறப்படும் விமானிக்குத் தூரத்து மலை தெரிய வேண்டியதில்லை. ஓடுபாதையின் நடுக்கோடும் விளக்குகளும் போதிய தூரம் தெரிந்தால் போதும். சக்கரம் தரையை விட்டபின் கருவிகளைப் பார்த்தே பறக்கிறார். குறைந்தபட்சப் பார்வைத் தொலைவு என்ற விதி முக்கியமாகத் தரையில் ஓடும் அந்த அரை நிமிடச் சொச்சத்துக்காகத்தான். ஓட்டத்தின் நடுவே ஓர் எஞ்சின் நின்றுபோனால் விமானம் அந்தப் பக்கமே இழுக்கும். நடுக்கோடு தெரிந்தால்தான் அதை நேராகப் பிடித்து நிறுத்த முடியும்.

நிறுத்துவதா, ஏறுவதா என்பதை அந்த நொடியில் யோசிக்க நேரமில்லை. எடை, வெப்பம், காற்று, ஓடுபாதை நீளம் எல்லாவற்றையும் வைத்து ‘வி-1’ என்னும் வேகத்தை முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அதற்குமுன் எஞ்சின் நின்றால் பிரேக். அதைத் தாண்டிவிட்டால் மிச்சமுள்ள எஞ்சினோடு ஏறியே ஆக வேண்டும். இரட்டை எஞ்சின் ஜெட், சக்கரங்களை மடக்கியபின், 100 மீட்டர் முன்னேறுவதற்குள் 2.4 மீட்டராவது உயர வேண்டும் என்பது விதி. வழியிலுள்ள தடைகளைத் தாண்டுமா என்று பார்க்கும்போது அதிலும் 0.8 கழித்து 1.6 என்றே கொள்கிறார்கள். விமானத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கழித்தல் இதுதான்.

இனி சிக்கலான இடம். நல்ல விளக்குகளும் பயிற்சியும் அனுமதியும் இருந்தால் 150 மீட்டர் பார்வையிலும் புறப்படலாம். வழக்கமான முதல் வகைக் கருவித் தரையிறக்கத்துக்கோ 550 மீட்டர் தேவை. ஆக, ஏறிய இடத்திலேயே இறங்க முடியாமல் போகலாம். அதனால்தான் அத்தகைய நாளில் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு, ஒற்றை எஞ்சின் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய மாற்று விமான நிலையம் ஒன்றைப் புறப்படுமுன்பே குறித்தாக வேண்டும்.

பினாங்கிலிருந்து லங்காவி பக்கம். அலோர் ஸ்டாரும் பக்கம். ஆனால் சுமத்ராவிலிருந்து வரும் புகை மேற்குக் கரை முழுவதையும் ஒன்றாகவே மூடக்கூடியது. கிழக்கே கோத்தா பாரு தெளிவாக இருந்தாலும், நடுவே தித்திவங்சா மலைத்தொடர். அதன் உச்சியான கோர்பு 2,183 மீட்டர். அன்றைய எடையில் ஒற்றை எஞ்சினோடு அதைத் தாண்டும் உயரம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே கோத்தா பாருவின் பெயரைப் பயணத் திட்டத்தில் எழுதலாம்.