நான்காண்டுக்கொரு நாளும் ஆண்டுதோறும் வரும் திதியும்

பெப்ரவரி 29ஆம் திகதி 2024இல் வந்து சென்றது. இனி 2028இலேயே வரும். பூமி ஞாயிற்றைச் சுற்றிவர ஏறத்தாழ 365¼ நாட்கள் செல்கின்றன. அக் கால் நாளை ஈடுசெய்யவே நான்காண்டுக்கு ஒரு நாளைக் கூட்டும் முறையை யூலியஸ் சீசரின் நாட்காட்டி கி.மு. 45இல் கொணர்ந்தது. எனினும் அக்கணக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நிமிடங்கள் மிகையானது. அப்பிழையைப் பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் 1582இல் திருத்தினார். இதனாலேயே 1900 லீப் வருடமன்று. 2000 லீப் வருடம். 2100 லீப் வருடமாகாது. பிரித்தானியா இத்திருத்தத்தை 1752இலேயே ஏற்றது. அந்நாளில் அதன் குடியேற்றமாயிருந்த நியூ ஜேர்சியில் செப்டெம்பர் 2ஆம் திகதி உறங்கியோர் 14ஆம் திகதி விழித்தெழுந்தனர்!

இந்நாளைச் சுற்றி வழக்கங்கள் பல. பெண்ணே ஆணிடம் திருமணம் கேட்கலாம் என்பது அயர்லாந்து மரபு. ரெக்சாஸ், நியூ மெக்சிக்கோ எல்லையிலுள்ள அந்தனி என்னும் சிற்றூர் 1988 முதல் 'உலக லீப் வருடத் தலைநகர்' எனப் பெயர்சூடி, பெப்ரவரி 29இல் பிறந்தோரைக் கூட்டி விழா எடுத்து வருகின்றது.

எமது பஞ்சாங்கத்திலோ லீப் நாள் என ஒன்றில்லை. ஞாயிறு ஓர் இராசியில் தங்கும் காலமே ஒரு மாதம். ஆதலால் மாதங்கள் 29 முதல் 32 நாட்கள் வரை அமைகின்றன. கால் நாட் குறை அதனுள்ளேயே தீர்ந்துவிடுகின்றது. பெப்ரவரி 29இல் பிறந்த பிள்ளைக்கும் மாதமும் நட்சத்திரமும் கொண்டு ஆண்டுதோறும் பிறந்தநாள் உண்டு. அன்று மறைந்தவருக்கும் மாதமும் பிறையும் திதியும் கொண்டு ஆண்டுதோறும் திவசம் உண்டு.

போரிலும் இடப்பெயர்விலும் உறவுகளை இழந்த எமக்கு இது சிறு செய்தியன்று. சாதகக் குறிப்புகளும் பத்திரங்களும் ஊரோடு அழிந்த இல்லங்கள் பல. எனினும் ஆங்கிலத் திகதி நினைவிலிருந்தாற் போதும். அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதியையும் நட்சத்திரத்தையும் கண்டறியலாம். ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். மாரிகாலத்தில் நியூ ஜேர்சி நேரம் யாழ்ப்பாண நேரத்துக்கு 10½ மணித்தியாலமும், கலிபோர்னியா நேரம் 13½ மணித்தியாலமும் பிந்தியவை. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் இன்று காலை தொடங்கும் திதி, இங்கே நேற்றைய மாலையிலேயே தொடங்கிவிடும்.

பாட்டன் பாட்டியரின் திதிகளையும் பிள்ளைகளின் நட்சத்திரங்களையும் அறிந்த முதியோர் எம்மிடையே இருக்கும்போதே, அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அவர்களுக்குப் பின் கேட்டறிய எவருமிரார்.