பிள்ளை பெற்றவளின் மணிக்கட்டு

தறியின் ஓசை நின்றால் ஏன் நின்றது என்று தெருவே கேட்கும். ராட்டையின் ஓசை நின்றால் கேட்பார் இலர். ஈரோடு மாவட்டம் சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் வீடொன்றுக்குச் சங்க அலுவலாக நாம் சென்றிருந்தபொழுது, அங்கே இரண்டும் நின்றிருந்தன. பாவு தறியில் ஏற்றியபடி இருந்தது; ஊடைக்குரிய நூலும் சிட்டம் சிட்டமாக இருந்தது; அதனைத் தாரில் சுற்றித் தருவதற்குத்தான் ஆள் இல்லை. சுற்ற வேண்டிய மருமகள், ஏழு வாரக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, இடக்கையால் தம் வலது மணிக்கட்டைப் பற்றியவாறு சுவரோரம் அமர்ந்திருந்தார்.

அன்று காலை தூளியிலிருந்து குழந்தையை எடுக்கையில் கட்டைவிரலின் அடியில் கத்தி பாய்ந்தாற்போல் வலித்ததாம். பிடி தளர்ந்து குழந்தை நழுவிற்றாம். தூளிக்குள்ளேயே விழுந்தமையால் தீங்கு ஒன்றும் நேரவில்லை. "குழந்தையத் தூக்கறதுக்கே பயமா இருக்குதுங்க" என்றார் அவர். பச்சை உடம்பில் காற்றுப் புகுந்துவிட்டது என்று அடுத்த வீட்டுப் பாட்டி எண்ணெய் காய்ச்சி அழுத்தித் தேய்த்துவிட்டிருந்தார். தேய்த்த இடம் முன்னிலும் அதிகமாக வீங்கியிருந்தது. மாமியாரோ, "நாங்கெல்லாம் முப்பதாம் நாளே ராட்டையில உக்காந்தவங்கதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குச் சென்றுவிட்டார்.

இவ்வலி காற்றும் அன்று, சோம்பலும் அன்று. இதனைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி கெர்வேன் 1895ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார். இன்றும் மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மணிக்கட்டில் கட்டைவிரற் பக்கமாக எலும்பு முனையொன்று புடைத்திருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் அம்முனையின் மேலாக ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அவ்வுறை தடித்துவிட்டால் நாண்கள் தடையின்றி நகர இயலாது. விழுதின் கண்ணில் முடிச்சு விழுந்த இழை சிக்கி உராய்வதை அறிந்த நம் அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பிள்ளை பெற்றவர்களை இது நாடி வருவதற்குக் காரணங்கள் உண்டு. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் உடலின் நீர்ச்சத்தும் சுரப்பு நீர்களும் மாறுவதால் உறை தடிக்கின்றது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். அதன்மேல் தூக்கும் வேலை சேர்கின்றது. பச்சிளங் குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுத்தல், கிடத்தல், மறுபக்கம் மாற்றுதல். துணி மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் வேறு. நாம் எல்லோரும் குழந்தையைத் தூக்கும் முறையைக் கவனியுங்கள்: கட்டைவிரல்களை அகல விரித்து, அக்குளுக்கடியில் கொடுத்து, மணிக்கட்டை வளைத்து மேலே தூக்குகிறோம். அந்த இரு நாண்களும் மிகுதியாக இழுபடும் நிலை அதுவே. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஐந்தாம் மாதமளவில் அதற்கு இரட்டிப்பாகிவிடும். தாய் வேலைக்குத் திரும்பும் காலத்தில் சுமையும் கூடுகின்றது.

நம் சகோதரிகளுக்கோ வேலையே கட்டைவிரலில்தான் இருக்கிறது. தார் சுற்றும்போது வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, இடக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நூலைப் பற்றி வழிகாட்டுகின்றன. சாகுபடிக் குடும்பங்களில் மல்லிகை பறித்தல், நிலக்கடலைக் காய் பறித்தல், பால் கறத்தல். எவ்வீட்டிலும் துணி பிழிதல். டி கெர்வேன் எழுதுவதற்கு முன்னரே இங்கிலாந்து உடற்கூற்று நூலொன்று இந்நோயைத் துணி வெளுக்கும் பெண்டிரின் சுளுக்கு என்று குறித்திருந்தது. சீமையிலும் துணி பிழிந்தவர்கள் பெண்களே போலும்!

நோயை அறிய ஒரு வழி உண்டு. கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரற் பக்கமாக மெல்லச் சாய்த்தால் எலும்பு முனையருகே சுரீரென வலிக்கும். நலமுள்ள கைக்கும் சிறிது இழுப்புத் தெரியுமாதலால் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், முரட்டுத்தனமாகச் செய்யலாகாது. வலியைவிட மரத்துப்போதல் மிகுதியாய், அதுவும் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்களில் தோன்றி இரவில் எழுப்பிவிடுமாயின், அது மணிக்கட்டின் உட்புறத்தில் நரம்பு நெருக்குண்பதால் வருவது, வேறு நோய். கர்ப்பத்தில் தொடங்கிய மரப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணியும். பல மூட்டுகள் சேர்ந்து வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, மணிக்கட்டு சிவந்து காய்ச்சலும் கண்டாலோ தாமதியாமல் டாக்டரிடம் செல்க. பிரசவத்தை அடுத்து மூட்டுவாத நோய் தலைகாட்டுவதும் உண்டு.

சிகிச்சையில் முதன்மையானது தூக்கும் முறையை மாற்றுவதாகும். கட்டைவிரல்களைச் சுட்டுவிரல்களோடு ஒட்டி வைத்து, உள்ளங்கைகள் மேல்நோக்க, ஒரு கையைப் பிட்டத்துக்கடியிலும் மறு கையைத் தலைக்கும் தோளுக்கும் அடியிலும் கொடுத்து, முறத்தில் அள்ளுவதுபோல் எடுக்க வேண்டும். பாரம் முன்கையில் தங்க வேண்டும், மணிக்கட்டு வளையலாகாது. பாலூட்டும்போது குழந்தையின் தலையை வளைத்த கையால் தாங்காமல், மடியில் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். தூளியை இடுப்பளவு உயரத்தில் கட்டினால் குனிந்து இழுக்க வேண்டியிராது.

அடுத்தது ஓய்வு. மணிக்கட்டையும் கட்டைவிரலின் அடியையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டையைச் சில வாரங்கள் அணியுமாறு டாக்டர்கள் சொல்வர். கடைகளில் தொங்கும் சாதாரண மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலை விட்டுவிடுவதால் இதற்குப் பயன்படாது. நாம் கண்ட வீட்டிலும் அத்தகைய பட்டை ஒன்றை வாங்கிப் பணத்தை வீணாக்கியிருந்தனர். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் வலி தணியும். வீங்கிய உறையை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பது உராய்வைப் பெருக்குவதேயாம். பாட்டியின் அன்பில் நமக்கு ஐயமில்லை; தோளையும் முதுகையும் அவர் தேய்த்துவிடட்டும். பாராசிட்டமால், ஐபுபுரூபன் முதலிய வலி மாத்திரைகளைப் பாலூட்டும் தாய்மாரும் டாக்டர் சொற்படி உண்ணலாம்.

இவற்றாலும் தீராவிடில் உறைக்குள் ஸ்டீராய்டு மருந்தை ஊசியாக ஏற்றுவர். பெரும்பாலோர்க்கு இதனால் நல்ல குணம் உண்டாகிறது. இதற்காகப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கக்கூடும். அதனை வெண்குட்டம் என்று எண்ணிக் கலங்கற்க. பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்ல மாறிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை சில நாள் ஏறக்கூடும். அறுவைச் சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து உறையைக் கீறிவிடுவர்.

மருந்து எளிது, ஓய்வுதான் அரிது. 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர்; அவர்களில் நூற்றுக்கு 70க்கு மேல் பெண்கள். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கூலிக்கு அமர்ந்தோருக்குப் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கி 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. தன் வீட்டுத் திண்ணையில் தார் சுற்றுகிறவள் யாரிடம் விடுப்புக் கேட்பாள்? அவளுடைய உழைப்பு பெரும்பாலும் கணவரின் நெசவுக் கூலிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. பாஸ் புத்தகத்தில் அவளுக்கென்று ஒரு வரியும் இல்லை. ஆதலால் அவள் ஓய்ந்தால், ஓய்ந்தது கணக்கில் தெரிவதில்லை; தறி நின்றது மட்டும் தெரிகின்றது.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் மூன்று மாதமேனும் சுற்றிய தாராகவே நூல் வழங்க சங்கங்கள் ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது நம் கருத்து. மோட்டார் பொருத்திய தார் சுற்றும் இயந்திரம் ஒன்றைச் சங்கக் கட்டடத்தில் பொதுவாக வைத்துக்கொண்டால் இது இயலாததன்று. செலவை யார் ஏற்பது என்று நிர்வாகக் குழுவினர் கேட்பர். நின்ற தறியினால் வரும் நட்டத்தை யார் ஏற்கிறார்கள் என்று நாமும் கேட்கலாமன்றோ?

ஐந்து வாரம் கழித்து அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றோம். அரசு ஆஸ்பத்திரியில் கட்டைவிரலுக்கும் சேர்த்துப் பட்டை போட்டிருந்தனர். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றார் அம்மருமகள். குழந்தையை அள்ளியெடுக்கும் முறையை நமக்கே செய்து காட்டினார். இரவில் ராட்டையில் அமர்பவர் இப்பொழுது கணவர். முதல் வாரம் அவர் சுற்றிய தார் தளர்ந்து, நாடாவுக்குள்ளேயே அவிழ்ந்து சிக்கிற்றாம். அதைச் சொல்லி மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். பின்னர் தம் வலக்கையை நம் முன் நீட்டி, "இவன் பொறந்தப்போ இந்தக் கை ஒரு வருசம் வலிச்சுதுங்க. யாருகிட்டச் சொல்றது?" என்றார். மகன் ஒன்றும் பேசாமல் அடுத்த சிட்டத்தை எடுத்து உதறினார்.